பிஞ்சுக் கையின் தர்மம்

தன் கஷ்டம் தீர்ந்த பிறகுதான் தர்மம் என்று நினைப்பவர் பலர். கடன் அடையட்டும், நோய் குணமாகட்டும், பிள்ளைகள் கரையேறட்டும், அப்புறம் நாலு பேருக்குச் செய்யலாம் என்பார்கள். அந்த "அப்புறம்" பலருக்கு வருவதே இல்லை. நோய் தீராமலே தர்மத்தைத் தொடங்கிய ஒரு குழந்தையின் வரலாறு அன்புக்கொடி மக்கள் அறிய வேண்டியது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1996 ஜனவரியில் பிறந்தவள் அலெக்ஸாண்ட்ரா ஸ்காட். அலெக்ஸ் என்று அழைப்பார்கள். முதல் பிறந்தநாள் வருமுன்பே அவளுக்கு நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. பெரும்பாலும் சிறு குழந்தைகளைப் பற்றும் நோய் அது. பிழைத்தாலும் நடப்பது சந்தேகம் என்றார்கள் மருத்துவர்கள். ஆனாலும் கால்களுக்குத் தாங்கு கட்டிக்கொண்டு அவள் எழுந்து நின்றாள். நோயோ விடவில்லை.

2000-ஆம் ஆண்டு, நான்கு வயதில், ஆஸ்பத்திரியில் பெரிய சிகிச்சை நடந்தது. அப்போது தாயிடம் ஓர் ஆசையைச் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் எலுமிச்சைச் சாறு விற்கக் கடை போட வேண்டும் என்றாள். கோடைகாலத்தில் வீட்டு வாசலில் மேசை போட்டு எலுமிச்சைச் சாறு விற்பது அந்நாட்டுப் பிள்ளைகளின் வழக்கம். கிடைக்கும் காசு அவரவர் கைச்செலவுக்கு ஆகும். அலெக்ஸ் அதற்காகக் கேட்கவில்லை. தனக்கு உதவியது போல மற்றப் பிள்ளைகளுக்கும் உதவ, அந்தக் காசை மருத்துவர்களிடம் கொடுக்க விரும்பினாள்.

அந்தக் கோடையிலேயே அண்ணன் துணையோடு கடை போட்டாள். சுமார் 2,000 டாலர் சேர்ந்தது. ஆண்டுதோறும் தொடர்ந்தாள். செய்தி பரவியதும் வேறு பல ஊர்களிலும் அவள் பேரில் கடை போட்டார்கள். 2004-இல் 10 லட்சம் டாலர் சேர்க்க வேண்டும் என்று குறி வைத்தாள், அதுவும் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதி, எட்டு வயதில், அலெக்ஸ் இறந்தாள். அவள் பேரால் நடக்கும் அறக்கட்டளை இதுவரை 25 கோடி டாலருக்கு மேல் திரட்டியுள்ளது. குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும், சிகிச்சைக்குத் தொலைதூரம் போகும் குடும்பங்களின் பயணச் செலவுக்கும் அது உதவுகிறது. நோயுற்ற பிள்ளையின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் ஆறுதல் அனுப்புகிறது.

இவ்வளவு தர்மம் செய்தும் அந்தக் குழந்தை ஏன் பிழைக்கவில்லை என்று மனம் கேட்கும். இந்தக் கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. அய்யா வைகுண்டர் காணிக்கையை விலக்கினார். ஆடு கோழிப் பலியை விலக்கினார். இவ்வளவு தருகிறேன், இதைத் தா என்று தெய்வத்திடம் பேரம் பேச இடமில்லை. தர்மத்திலும் பேரம் இல்லை. அலெக்ஸ் தன் உயிருக்கு விலையாக அந்தப் பணத்தைச் சேர்க்கவில்லை. தான் பட்ட நோவு அடுத்த பிள்ளைக்கு வேண்டாம் என்று சேர்த்தாள். அது வீண் போகவில்லை.

வாகைப்பதியில் துவையல் தவசு இருந்தவர்களும் வசதி படைத்தவர்கள் அல்லர். தலைவரி முதலான வரிகளாலும் சாதிக் கொடுமையாலும் நொந்த மக்கள் அவர்கள். சாமிதோப்பு முத்திரிக்கிணற்றில் பல சாதியாரும் ஒன்றாகக் குளித்து, ஒன்றாக உண்டதும் கொடுமை தீர்ந்த பிறகு நடந்ததல்ல. கொடுமையின் நடுவிலேயே ஒருவருக்கொருவர் ஆறுதலானார்கள்.

தாங்கலுக்கு வரும் பிள்ளை ஒருநாள், படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டிக்கு இனிமம் கொண்டு போகட்டுமா என்று கேட்கலாம். "நீ சின்னப் பிள்ளை, பேசாமல் இரு" என்று மடக்கிவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்ததும் பெரியவர் ஒருவர் கூடப் போகலாம். இனிமத்தைக் கொடுத்து, பாட்டியின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து வரலாம். அலெக்ஸ் வீட்டாரும் அவள் ஆசைக்குக் கூடவே நின்றார்கள். பிஞ்சுக் கையில் தொடங்கும் தர்மம் பெரியவர்கள் துணை நின்றால் வளரும்.

பிள்ளைகளோடு பேச:

1. நம் தெருவில் இப்போது கஷ்டத்தில் இருப்பவர் யார்?
2. நம்மிடம் இருப்பதில் அவருக்கு எது உதவும்?
3. பலன் எதுவும் கிடைக்காவிட்டாலும் அதைச் செய்வோமா?

அய்யா உண்டு.