புதுக் காளான் ரகம் கட்ட வரும் பிள்ளைகளுக்கு

1. இருக்கிற ரகங்களை முதலில் வளர்த்துப் பழகுங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சிப்பியில் எம்டியு 1, ஊட்டி 1, கோ 2 என்று வெளியிட்டிருக்கிறது. பால் காளானில் 1998இல் வந்த ஏபிகே 2 இருக்கிறது. புதியதை எப்போதும் இவற்றோடு பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். பயிற்சி வேண்டுமென்றால் புதுச்சேரி குருமாம்பேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

2. எதற்காக ரகம் என்பதைத் தீர்மானித்துவிட்டுத் தொடங்குங்கள். சிப்பிக்கு 20 முதல் 30 டிகிரி பிடிக்கும். நம் ஊர் வைகாசி அதற்கு ஆகாது. வெயில் தாங்கும் சிப்பி ஓர் இலக்கு. ஸ்போர் என்ற வித்துத் தூளை உதிர்க்காத சிப்பி இன்னொன்று. மூடிய குடிலில் அந்தத் தூளைச் சுவாசித்தே வேலைக்காரர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் வருகின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் துரத்தாதீர்கள்.

3. விரிந்த காளானைக் கருப்புத் தாளில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். அதை நீரில் பல மடங்கு கரைத்து அகார் தட்டில் பரப்பி, தனித்தனியாக முளைத்ததை மட்டும் இணைப்பதற்கு எடுங்கள். சிப்பியில் ஒரு காளானின் ஸ்போர்களுக்குள் இணைவகை நான்கு. ஒரே காளானின் ஸ்போர்களைச் சேர்த்தால் ஏறக்குறைய நாலில் ஒன்றுதான் பொருந்தும். தொடர்பில்லாத இரண்டு ரகங்களிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் பொருந்திவிடும்.

4. இணைந்ததா என்பதை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். இழையின் குறுக்குச் சுவரை ஒட்டிச் சின்ன வளைந்த கொக்கி தெரியும். தனி ஸ்போர் இழையில் அது இருக்காது. கொக்கி இல்லாததை வைக்கோலில் ஏற்றி வீணாகக் காத்திருக்காதீர்கள்.

5. வைக்கோலின் லிக்னினைத் தாக்கும் லாக்கேஸ் என்ற நொதியின் வேலையைக் கண்ணால் காணக் குவாயக்கால் கலந்த அகார் போதும். லாக்கேஸ் சுரந்த இடம் செம்பழுப்பு வளையமாகும். வளையம் தரம் பிரிக்க உதவும். அளவு வேண்டுமானால் ஏபிடிஎஸ் கரைசலை 420 நானோமீட்டரில் அளக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் ஏபிடிஎஸ்ஸை ஆக்சிஜனேற்றுவது ஓர் அலகு.

6. ஒரே வளர்ச்சிக் கட்டத்தில் ஒப்பிடுங்கள். இழை பரவும்போது லாக்கேஸ் லிக்னினைத் தாக்கி உச்சத்தில் இருக்கும். மொட்டு விடும்போது அது சரிந்து செல்லுலேஸ் ஏறும். ஒன்றை மொட்டுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் அளந்தால் வித்தியாசம் ரகத்தினுடையதா, கட்டத்தினுடையதா என்று சொல்ல முடியாது.

7. பாகூர்ப் பக்கம் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரே நெல், ஒரே போர், ஒரே ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து கறுத்த வைக்கோலை ஒரு ரகத்துக்கும் புதுசை மற்றதுக்கும் போட்டால் ஒப்பீடே பாழ். ஒவ்வொரு ரகத்துக்கும் பத்துப் படுக்கையாவது போடுங்கள். இடத்தை மாற்றி மாற்றித் தொங்கவிடுங்கள். குடிலின் வாசல் பக்கம் காயும், மூலை ஈரமாக இருக்கும்.

8. லாக்கேஸ் மிகுந்த ரகம்தான் அதிகம் காய்க்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு கிலோ உலர் வைக்கோலுக்கு எத்தனை கிராம் காளான், எத்தனை நாளில், எத்தனை அறுப்பில் என்பதே தீர்ப்பு. நொதி எண் காரணத்தைத் தேட உதவும். தராசுதான் ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்.

9. பெற்றோர், இணைத்த தேதி, எத்தனையாவது மறுவளர்ப்பு என எல்லாவற்றையும் குழாயிலும் நோட்டிலும் எழுதுங்கள். தொடர்ந்து மாற்றி வளர்த்தால் நல்ல ரகமும் வலுவிழக்கும். முதல் குழாய்களில் சிலதைத் தொடாமல் குளிரில் வையுங்கள். கோடையும் மழைக்காலமும் உங்கள் குடிலில் தாங்கிய பிறகு, வேறு இரண்டு பேர் குடிலிலும் கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் தாங்கினால் பெயர் வையுங்கள்.