திடீர்ச் செல்வமும் குடும்பமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லாட்டரிப் பரிசாகவோ பங்குத் தொகையாகவோ எதிர்பாராமல் வீடு தேடி வரும் பணம் திடீர்ச் செல்வம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பது பழமொழி. அத்தகைய பணம் குடும்பங்களை உண்மையில் என்ன செய்கிறது என்பதை அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கணக்கெடுத்திருக்கிறார்கள்.

நம்பிக்கை: லாட்டரியில் வென்றவர்களில் 70 சதவீதம் பேர் சில ஆண்டுகளில் ஓட்டாண்டி ஆகிவிடுவார்கள்.

உண்மை: இந்தக் கணக்குக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் தேசிய நிதிக் கல்வி அறக்கட்டளையின் பெயரால் இது பரவியது. தன் ஆய்வு எதுவும் அப்படிச் சொல்லவில்லை என்று அந்த அமைப்பே 2018-இல் அறிவித்தது. அதற்காக, பரிசு விழுந்தால் கடன் தொல்லை ஒழிந்தது என்றும் சொல்வதற்கில்லை. புளோரிடா மாநில லாட்டரியில் 50,000 முதல் 1,50,000 டாலர் வரை வென்றவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் திவால் மனு கொடுப்பது குறைந்தது. மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டுக்குள் அது கூடி, பழைய குறைவை ஈடுகட்டிவிட்டது. பணம் திவாலை வரவழைக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை, தள்ளிப்போட்டது.

நம்பிக்கை: உட்கார்ந்து சாப்பிடப் பணம் வந்துவிட்டால் யாரும் வேலைக்குப் போகமாட்டார்கள்.

உண்மை: ஸ்வீடன் லாட்டரியில் வென்றவர்களைப் பற்றி 2017-இல் வெளிவந்த ஆய்வின்படி, 100 குரோனர் பரிசுக்கு ஆண்டுச் சம்பாத்தியம் ஏறக்குறைய 1 குரோனர்தான் குறைந்தது.

நம்பிக்கை: திடீர்ப் பணம் தரும் மகிழ்ச்சி சீக்கிரமே வடிந்துவிடும்.

உண்மை: இந்தக் கருத்து 1978-இல் இல்லினாய் மாநிலத்தில் பரிசு வென்ற 22 பேரை மட்டும் விசாரித்த ஆய்விலிருந்து பரவியது. ஸ்வீடனில் 3,000-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்து 2020-இல் வெளியான ஆய்வில், பெரிய பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுகளுக்குப் பிறகும் கூடுதலாகவே இருந்தது. அன்றாட மகிழ்ச்சியில் ஏற்பட்ட மாற்றம் அதைவிடச் சிறியது.

நம்பிக்கை: உழைக்காமல் வந்த பணம் பிள்ளைகளைக் கெடுக்கும்.

உண்மை: இதற்கு நேர்மாறான சான்று வட கரோலினா மலைப்பகுதியில் கிடைத்தது. உளவியலாளர் ஜேன் காஸ்டெல்லோவின் குழு 1993 முதல் அங்கே 1,420 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தது. அவர்களில் கால்பங்கினர் செரோக்கி தொல்குடியினர். ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே தொல்குடியின் நிலத்தில் சூதாட்ட விடுதி திறக்கப்பட்டு, லாபத்தில் ஒரு பங்கு ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சேர்ந்தது. வறுமையிலிருந்து மீண்ட வீடுகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனமும் அடங்காமையும், வறுமையே அறியாத பிள்ளைகளின் அளவுக்குக் குறைந்தன. பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்ததே இதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வு கண்டது. மனச்சோர்வும் பதற்றமும் மட்டும் மாறவில்லை. மிக ஏழை வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக ஓராண்டு படித்தார்கள் என்று 2010-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. பெற்றோர் வேலையையும் விடவில்லை.

நம்பிக்கை: நன்மையும் தீமையும் பணத்தின் அளவைப் பொறுத்தவை.

உண்மை: பணம் வரும் விதமும் முக்கியம். அதே செரோக்கி மக்களிடையே, பெருந்தொகை மொத்தமாகக் கைக்கு வந்த மாதங்களில் விபத்துச் சாவுகள் வழக்கத்தைவிட அதிகமாயின. ஆண்டுக்கணக்கில் வீட்டை நிமிர்த்திய அதே வருமானம், பட்டுவாடா நடந்த மாதத்தில் உயிர்களையும் வாங்கியது.