எல்லை கடந்த மெல்லிசை

நுழையும்முன்

மூணாறு, பீர்மேடு, உடும்பஞ்சோலை ஆகிய மலைப்பகுதிகளிலும், பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பழைய திரைப்பாடல்களை இன்றும் முணுமுணுக்கும் பெரியவர்கள் உள்ளனர். அப்பாடல்கள் ஏன் இன்னும் இனிக்கின்றன? ஒரு படத்தின் பாடல்களைக் கொண்டு இக்கட்டுரை விடை தேடுகிறது.

1964ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இயக்குநர் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வெளிவந்தது. கண்ணீர்க்கதைகள் மிகுந்திருந்த அக்காலத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை சிரிக்க வைத்த வண்ணப்படம் அது. கதை பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள மலைத்தோட்டம் ஒன்றைச் சுற்றி நிகழ்கிறது. பாலக்காட்டு எல்லையைத் தாண்டினால் வரும் ஊர்ப்பக்கம்தான் அது. பாடல்களைக் கண்ணதாசன் இயற்றினார். எம். எஸ். விசுவநாதனும் டி. கே. இராமமூர்த்தியும் இணைந்து இசையமைத்தனர். அப்பாடல்களுள் என் உள்ளம் கவர்ந்தவை நான்கு.

முதலாவது, வேலை கேட்கும் பாடல். தோட்டத்தில் பணியை இழந்த இளைஞன், முதலாளியின் வீட்டெதிரே நண்பர்களுடன் நின்று வேலையைத் திருப்பிக் கேட்கிறான். பி. பி. ஸ்ரீனிவாஸின் குரல் முன்செல்ல, கூட்டுக்குரல்கள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. மேலைநாட்டு 'ராக் அண்டு ரோல்' இசையின் துள்ளல் பாடல் முழுவதும் ஓடுகிறது. இதில் நான் வியப்பது ஒன்று: இது கெஞ்சும் பாட்டு அன்று, உரிமையோடு கேட்கும் பாட்டு. வேலை போனால் வீடும் போகும் என்பதை அறிந்த தோட்டத்துக் குடும்பத்தினர் இதைக் கேட்டால், சிரிப்பின் அடியில் ஒரு வலியையும் உணர்வர். படத்து முதலாளியின் பெயரும் விசுவநாதன், இசையமைத்தவரின் பெயரும் விசுவநாதன் என்பது கூடுதல் சுவை.

இரண்டாவது, ஸ்ரீனிவாஸும் பி. சுசீலாவும் பாடிய கனவு போன்ற இணைப்பாடல். மெக்சிகோ நாட்டுப் பெண் இசைவாணர் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் இயற்றிய 'பெசாமே முச்சோ' என்னும் பாடலின் சாயல் இதில் உண்டு. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினரும் 1962இல் பாடிப் பதிந்த பாடல் அது. கடல் கடந்து வந்த மெட்டின் சாயல் தமிழ்ச் சொற்களுடன் சேர்ந்தபோது, அது நம் வீட்டுப் பாடலாகவே ஆகிவிட்டது.

மூன்றாவது, படத்தின் பெயரையே தொடக்கமாகக் கொண்ட பாடல். இளைஞன் ஒருவன் முதியவராக வேடமிட்டுப் பாடுவது போன்ற காட்சி அது. அதற்குக் குரல் கொடுத்தவர் சீர்காழி கோவிந்தராஜன். பக்திப் பாடல்களில் மணிபோல் ஒலிக்கும் கணீர்க்குரல், இங்கே நகைச்சுவைக்குத் துணையாகிறது. குரலின் கம்பீரம் சற்றும் குறையாததால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

நான்காவது, கே. ஜே. யேசுதாஸும் எல். ஆர். ஈஸ்வரியும் பாடிய பாடல். கொச்சியில் பிறந்த யேசுதாஸுக்கு அப்போது வயது 24. அவருடைய குரலின் அமைதியும் ஈஸ்வரியின் குரலின் துடிப்பும் ஒன்றையொன்று தேடி வருவதைக் கூர்ந்து கேட்டால் உணரலாம்.

இனி, இப்பாடல்களை உருவாக்கியவர்களை எண்ணிப் பாருங்கள். கண்ணதாசன் செட்டிநாட்டுத் தமிழர். இராமமூர்த்தி திருச்சியைச் சேர்ந்த வயலின் கலைஞர். ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் ஆந்திரத்தில் பிறந்தவர்கள். விசுவநாதனோ 1928இல் பாலக்காடு மாவட்டத்து எலப்புள்ளியில் பிறந்து, மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். இளமையிலேயே தந்தையை இழந்து கண்ணூரில் தாத்தாவிடம் வளர்ந்தார். நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். திரைப்பட நிறுவனங்களில் சிறுசிறு வேலைகள் செய்து, பின்னர் இசையமைப்பாளராக உயர்ந்தார். அவரையும் இராமமூர்த்தியையும் தமிழகம் 'மெல்லிசை மன்னர்கள்' என்று போற்றியது.

தமிழ்நாட்டு விழாக்களின் தொடக்கத்தில் ஒலிக்கும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மோகன இராகத்தில் இசையமைத்தவரும் விசுவநாதனே. அவ்வாழ்த்துப் பாடலைத் தம் 'மனோன்மணீயம்' நாடகத்தில் எழுதிய சுந்தரம் பிள்ளை, ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். தமிழை வாழ்த்தும் சொல்லும் இசையும், இன்று கேரளமாக விளங்கும் மண்ணில் பிறந்த இருவர் தந்தவை.

ஆகவே மாணவர்களே, கேரளத்தில் வளரும் நமக்குத் தமிழ் எவ்வளவு சொந்தம் என்று எவரேனும் கேட்டால் தயங்க வேண்டாம். பிறந்த ஊரைக் கேட்டு மொழி எவரையும் ஏற்பதில்லை. அன்போடு பயின்று உழைப்பவரை அது தன்னவராக்கிக் கொள்கிறது.

சொல்லும் பொருளும்

சாயல் – ஒத்த தன்மை
கம்பீரம் – மிடுக்கு
கணீர்க்குரல் – தெளிந்து உரக்க ஒலிக்கும் குரல்
திங்கள் – மாதம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: மெல்லிசை, கண்ணீர்க்கதை, தாய்மொழி.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. எம். எஸ். விசுவநாதன் எங்கே, எந்த ஆண்டில் பிறந்தார்?
2. வேலை கேட்கும் பாடலில் கட்டுரையாசிரியர் வியப்பது யாது?
3. சீர்காழி கோவிந்தராஜனின் குரல் நகைச்சுவைக்கு எவ்வாறு துணைபுரிகிறது?

இ. சிந்தித்து எழுதுக.
பிற மொழியினர் தமிழ்ப் பாடல்களுக்கு ஆற்றிய பணி உமக்கு உணர்த்துவது யாது? பத்து வரிகளில் எழுதுக.

ஈ. செயல்பாடு
வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் விரும்பும் பழைய பாடலைக் கேட்டறிக. அதை இருமுறை கேட்டு, குரல், இசை, சூழல் ஆகிய மூன்றைப் பற்றியும் வகுப்பில் பேசுக.