ஓடாத வண்டியின் விலை

ஓடுதற்கென்றே சமைக்கப்பட்ட வண்டி, ஓடாதிருத்தலினாலே விலையேறுவது விந்தையன்றோ? இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டு ஆராய்வாம்.

பெராரி என்னும் பெயரில் முதல் வண்டி தோன்றிய நாற்பதாம் ஆண்டை முன்னிட்டு, இத்தாலி தேசத்து மரனெல்லோத் தொழிற்சாலை 1987 இல் எப் 40 என்னும் வண்டியை வெளியிட்டது. அது மணிக்கு 324 கிலோமீற்றர் வேகத்திற் செல்லவல்லது. நிறுவுநர் என்சோ பெராரி 1988 இல் மறையுமுன் ஒப்புதலளித்த இறுதி வீதி வண்டி இதுவே. 1992 வரை 1300 இற்குச் சற்று மேற்பட்டனவே செய்யப்பட்டன.

அருமை மாத்திரம் காரணமன்று. தேய்ந்த உறுப்பை மாற்றலாம். மங்கிய வர்ணத்தை மீளப் பூசலாம். ஆயின், தொழிற்சாலையிற் பூசிய முதல் வர்ணம் ஒருமுறையே வாய்ப்பது. ஆகவே, தூரமானி சில நூறு கிலோமீற்றரே காட்டும் வண்டியைச் சேகரிப்போர், செல்லரியாத மூல ஏட்டுச்சுவடிபோல் மதிக்கின்றனர்.

எனினும், நின்ற வண்டியையும் காலம் விட்டுவைப்பதில்லை. எரிபொருள் கொள்ளும் இறப்பர்ப் பைகள் முதிர்கின்றன, எந்திரத்தின் பற்பட்டி நலிகின்றது, ரயர்கள் இறுகுகின்றன. இவற்றை மாற்றாது செலுத்துதல் அபாயம்; மாற்றுதற்கோ பெரும்பொருள் வேண்டும். ஓடாத வண்டி செலவற்றதென எண்ணுதல் தவறு.

ஒவ்வொரு கிலோமீற்றரும் விலையைக் குறைக்குமென அஞ்சுபவர், தம் வண்டிக்குக் காவலரேயன்றி உடையவரல்லர். தொட்டழியாத சில வண்டிகள் பிற்காலத்தார்க்குச் சான்றாய் நிற்றல் நன்றே. எல்லாம் அங்ஙனமே உறங்குமாயின், எந்திரத்தின் முழக்கத்தை நாம் எங்குக் கேட்பது? ஏனையவை வீதியில் ஓடுதலே சமைத்தோர்க்குச் செய்யும் மரியாதையாம்.