இரண்டு 'ரியாக்டிவ்'கள்

கேள்வி: என் மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். மஞ்சள் காமாலைக்கான மூன்று ஊசியும் போட்டபின் ரத்தம் எடுத்ததில் 'ஆன்டி ஹெச்பிஎஸ் ரியாக்டிவ், 186' என்று வந்திருக்கிறது. பயந்துபோய் என் வீட்டுக்காரரும் அதே டெஸ்ட் எடுத்தார். ஊசியே போடாத அவருக்கும் ரியாக்டிவ்! வாலிபத்தில் அவருக்குக் காமாலை வந்து கீழாநெல்லியில் குணமாகியது. இருவருக்கும் மருந்து வேண்டுமா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: அம்மா, சீட்டில் 'ஆன்டி' என்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பது 'ஹெச்பிஎஸ் ஏஜி' டெஸ்ட். அதில் ரியாக்டிவ் வந்தால்தான் கவலை. மகளுக்குப் பார்த்தது எதிர்ப்புப் பொருளை. 10 இருந்தாலே போதும், அவளுக்கு 186. ஊசி நன்றாகப் பிடித்திருக்கிறது. எல்லா ரியாக்டிவையும் ஒரே தடித்த எழுத்தில் அடித்துக் கொடுக்கும் லேப்காரர்களால் எத்தனை வீட்டில் தூக்கம் கெடுகிறதோ!

வீட்டுக்காரர் விஷயம் வேறு. ஊசி போடாதவருக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தால், பெரும்பாலும் கிருமி எப்போதோ வந்து போயிருக்கிறது. ஹெச்பிஎஸ் ஏஜி, ஆன்டி ஹெச்பி கோர் டோட்டல் இரண்டையும் பாருங்கள். முன்னது நான்-ரியாக்டிவ், பின்னது ரியாக்டிவ் என்றால் பழைய கதைதான். மருந்தும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஆனால் கிருமியின் மிச்சம் ஈரலில் பதுங்கியிருக்கும். பின்னாளில் கேன்சர் மருந்தோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோ எடுக்க நேர்ந்தால் அது மறுபடி தலைதூக்கலாம். அப்போது டாக்டரிடம் மறக்காமல் இதைச் சொல்ல வேண்டும்.

கீழாநெல்லிக்கு வருவோம். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, கிருமியைச் சுமந்த 37 பேருக்கு அதைக் கொடுத்ததில் 22 பேருக்குக் கிருமி மறைந்ததாக 'லான்செட்' இதழில் எழுதியது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பெரியவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குத் தானாகவே போய்விடும். உங்கள் வீட்டுக்காரர் அந்தக் கணக்கில் வருபவராக இருக்கலாம். சாறு அரைத்த கைக்குப் பெயர் கிடைத்துவிட்டது!

ஒருவேளை ஹெச்பிஎஸ் ஏஜி ரியாக்டிவ் என்று வந்தால் ஒளிக்காமல் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்கான மருந்து இலவசம்.

எல்லாருக்கும் கேட்டீர்கள், உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? நீங்களும் ஹெச்பிஎஸ் ஏஜி பார்த்துக்கொள்ளுங்கள்.