நாய்க்குட்டி பொருட்களைக் கடித்தல்: கமக்காரர் கவனத்திற்கு

பதுளை, வெலிமடைப் பகுதிகளில் வயலுக்கும் மரக்கறிப் பாத்திகளுக்கும் காவலாக நாய் வளர்க்கும் கமக்காரர் பலர். குட்டியின் 28 பாற்பற்களும் நான்காம் மாதமளவில் விழத் தொடங்கும். ஏழாம் மாதமளவில் 42 நிலைப்பற்கள் அமையும். அக்காலத்தில் ஈறு நோவதால் விதைமூடை, நீர்க்குழாய், செருப்பு முதலியவற்றைக் கடிக்கும். இது குற்றமன்று, இயல்பே.

செய்ய வேண்டியவை:

1. தடித்த துணியை இறுக முடிந்து, நனைத்துக் கடிக்கக் கொடுக்கவும். நைந்தால் அகற்றிவிடவும்.

2. பழைய செருப்பைக் கொடுத்துப் பழக்க வேண்டாம். பழையதும் புதியதும் அதற்கு ஒன்றே. சமைத்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும், அதையும் தவிர்க்கவும்.

3. கடித்து முடித்தபின் அடிப்பதாற் பயனில்லை. கடிக்கும்போதே தடுத்துத் துணியைக் கொடுக்கவும். நாள் முழுவதும் கட்டி வைக்க வேண்டாம்.

4. பீடைநாசினியையும் மருந்திட்ட விதையையும் பெட்டியிற் பூட்டி வைக்கவும். சிறிதளவு உட்சென்றாலும் உயிர் போகலாம். கடித்துவிட்டால், அப்போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் செல்லவும்.