யாரும் அவுட் ஆகாத ஆட்டம்

வானகரத்துப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு,

1. எந்த விளையாட்டிலும் 'அவுட்' வைக்காதீர்கள். 7-இன் மடங்கு வந்தால் கைதட்டும் ஆட்டத்தில் முதலில் வெளியேறுவது யார்? ஏழாம் வாய்ப்பாடு வராத பிள்ளை. ஆடிப் பழக வேண்டியவளே சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். பல வருடம் நானும் இதைக் கவனிக்காமல் நடத்தினேன். இன்றும் மனசு உறுத்துகிறது. தவறினால் அவளே 1-இலிருந்து மறுபடி தொடங்கட்டும்.

2. கண்ணை மூடி விரலால் விடை காட்டச் சொல்லுங்கள். 13-இல் 5 போனால்? எல்லாக் கைகளும் ஒன்றாக உயரும். தவறியவரைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. யாருக்கு வரவில்லை என்பது உங்களுக்கு மட்டும் தெரியும்.

3. சொல் சங்கிலி ஆடும்போது 'வீடு' என்றதும் ஆட்டம் நின்றுவிடும். 'டு'வில் தொடங்கும் சொல்லுக்கு எங்கே போவது? உடனே விதியைச் சொல்லிவிடாதீர்கள். நெடுஞ்சாலை ஓரத்துப் பிள்ளைகள் 'டயர்' என்பார்கள், 'ல' வந்தால் 'லாரி' என்பார்கள். அவற்றைப் பலகையில் தனியாக எழுதி வையுங்கள். ட, ல போன்ற எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதை அந்தப் பட்டியலிலிருந்து அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதற்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

4. இங்கே மீன் மார்க்கெட்டில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் விலைக்கணக்கை வாயால் போட்டுவிடுவார்கள். அதையே பலகையில் எழுதினால் விழிப்பார்கள். அட்டையில் சங்கரா, நெத்திலி வெட்டிக் கடை போடுங்கள். கிலோ 240 ரூபாய் என்றால் முக்கால் கிலோ? '240-இல் பாதி 120, அதில் பாதி 60, மொத்தம் 180' என்று ஒரு பிள்ளை சொல்லச் சொல்ல, இன்னொரு பிள்ளை பலகையில் எழுதட்டும். தன் வாயில் வந்ததுதான் அங்கே கணக்காக நிற்கிறது என்று அவள் கண்ணாலேயே பார்ப்பாள்.

5. எந்த விளையாட்டுக்கும் ஐந்து நிமிடம் போதும். புளியங்கொட்டையும் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியும் போதும்.

6. 2022-இல் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அதில் கற்றல் நிலைக்கேற்பப் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகள் பாடத்துக்குத் தேவைதான். விளையாட்டில் மட்டும் அரும்பும் மலரும் ஒரே அணியில் இருக்கட்டும்.

7. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன் வாய் திறக்காமல் இருந்தால், ஒன்று முதல் பத்து வரை அவன் மொழியில் எண்ணச் சொல்லுங்கள். வகுப்பே அவன் பின்னால் திருப்பிச் சொல்லட்டும். அடுத்த முறை நம் எண்களைச் சொல்ல அவன் முந்திக்கொண்டு எழுவான்.